குதிரை தின்ற தொப்பி: ஒரு பிரெஞ்சு மௌன நகைச்சுவைப் படத்தை எப்படிப் பார்ப்பது?

மௌனப்படம் என்றதும் நம்மில் பலருக்குத் தோன்றுவது ஒரே மாதிரிக் காட்சிதான். திரை முழுக்க மழைக்கோடு. நடுவில் சாவி கொடுத்த பொம்மை மாதிரி விறுவிறுவென்று நடக்கும் ஆட்கள். ஒருவர் வழுக்கி விழுவார், பின்னணியில் பியானோ தடதடக்கும். விளம்பரத்தில் ‘அந்தக் காலம்’ என்று காட்ட வேண்டுமென்றால் இன்றைக்கும் இதைத்தான் போடுகிறார்கள். அந்தக் கோடுகளோ அந்த வேகமோ படம் வெளியான அன்று அதில் கிடையாது. இரண்டும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

‘அபூர்வமான படம்’ என்ற பேச்சும் இப்படித்தான் கண்டபடி புழங்குகிறது. அடியோடு அழிந்துபோன படமும் அபூர்வம், காப்பகத்தில் பத்திரமாக இருந்தும் திரைக்கு வராத படமும் அபூர்வம், இணையத்தில் மங்கலாகக் கிடைக்கும் படமும் அபூர்வம் என்கிறோம். மூன்றும் வேறு வேறு நோய்கள், வைத்தியமும் வேறு.

இதையெல்லாம் பொதுவாகப் பேசினால் காற்றில் கோலம் போடுவதாகிவிடும். ஒரு படத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேர் 1927இல் எடுத்து அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வெளிவந்த ‘இத்தாலிய வைக்கோல் தொப்பி’. பிரெஞ்சு மௌன நகைச்சுவையில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

கதை இவ்வளவுதான்

ஃபதினார் என்ற இளைஞனுக்கு அன்று கல்யாணம். குதிரை வண்டியில் பாரிஸை ஒட்டிய வான்சென் காட்டு வழியே வந்துகொண்டிருக்கிறான். வண்டி கொஞ்சம் நிற்கிறது. குதிரை சும்மா இருக்குமா? புதரில் மாட்டியிருந்த ஒரு பெண்ணின் வைக்கோல் தொப்பியை மென்றுவிடுகிறது. தொப்பிக்காரி கல்யாணமானவள். புதருக்குப் பின்னால் அவளோடு இருப்பது கணவர் இல்லை, ஒரு ராணுவ லெப்டினன்ட். தொப்பி இல்லாமல் வீட்டுக்குப் போனால் கணவர் கேள்வி கேட்பார். அச்சு அசல் அதே மாதிரித் தொப்பி உடனே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் புதுக்குடித்தனம் வைக்கவிருக்கும் வீட்டையே நொறுக்கிவிடுவேன் என்று லெப்டினன்ட் மிரட்டுகிறார். ஒரு பக்கம் கல்யாணம் நடந்துகொண்டே இருக்கிறது, இன்னொரு பக்கம் மாப்பிள்ளை நடுநடுவே நழுவித் தொப்பிக்கு அலைகிறான்.

இது சினிமாவுக்கு எழுதிய கதை இல்லை. யூஜின் லபீஷும் மார்க்-மிஷேலும் சேர்ந்து எழுதிய மேடை நாடகம், 1851இல் பாரிஸில் அரங்கேறியது. இந்த வகை நாடகத்துக்கு வோதெவில் என்று பெயர். அதாவது, ஒரு அற்ப சிக்கலில் தொடங்கி, ஆள்மாறாட்டமும் அவசரமும் அடுக்கடுக்காக ஏறி, கடைசியில் ஒரே முடிச்சில் எல்லாம் அவிழும் கேலி நாடகம். வசனம்தான் அதற்கு உயிர். பேச்சே இல்லாத சினிமாவுக்கு கிளேர் இதைத் தேர்ந்தெடுத்தது விபரீத ஆசை என்றுதான் அன்றைக்குத் தோன்றியிருக்கும்.

பேச்சு இல்லாமல் சிரிப்பு எப்படி வருகிறது

மௌனப்படத்தில் வசனத்தை எழுத்தில் காட்டும் அட்டைக்கு டைட்டில் கார்டு என்று பெயர். சோம்பேறியான இயக்குநர் நாடகத்து வசனங்களை அப்படியே அட்டைகளாகப் போட்டிருப்பார், நாமும் படம் பார்ப்பதை விட்டுவிட்டு வாசித்துக்கொண்டிருப்போம். கிளேர் அட்டைகளை முடிந்தவரை குறைத்தார். பேச்சு செய்ய வேண்டிய வேலையைப் பொருள்களிடம் கொடுத்தார்.

கல்யாணக் கூட்டத்தில் ஆளுக்கொரு தொந்தரவு. மாமனாருக்கு ஷூ இறுக்கம். மணப்பெண்ணின் முதுகில் ஒரு குண்டூசி விழுந்துவிட்டது. உறவுக்காரர் ஒருவருக்கு ஒரு கையுறையைக் காணோம். சித்தப்பாவுக்குக் காது கேட்காது, காதுக்குழலோடு உட்கார்ந்திருக்கிறார். இத்தனை பேரையும் அறிமுகப்படுத்த ஒரு வரி வசனம்கூடத் தேவைப்படவில்லை. ஷூவைப் பார்த்தால் மாமனார், குழலைப் பார்த்தால் சித்தப்பா. பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் யார் யார் என்பது கடைசிவரை குழம்பாது.

இதில் ஒரு காட்சியை மட்டும் நிதானமாகப் பார்க்கலாம். நகராட்சி மன்றத்தில் சட்டப்படியான திருமணம். மேயர் எழுந்து நின்று உபதேசம் செய்துகொண்டிருக்கிறார். உறவினர் ஒருவரின் கழுத்து டை கழன்று தொங்குகிறது. தள்ளி உட்கார்ந்திருக்கும் மனைவி பதறிப்போய், தன் கழுத்தைத் தொட்டுத் தொட்டு ஜாடை காட்டுகிறாள். கணவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. ‘என் டையைத்தான் சொல்கிறாளோ?’ என்று அவனவன் தன் கழுத்தைத் தடவுகிறான். வரிசை வரிசையாக ஆண்கள் டையைச் சரிசெய்கிறார்கள். கடைசியில் மேயரே பேச்சை நிறுத்திவிட்டுத் தன் டையைப் பார்த்துக்கொள்கிறார்.

இந்த மாதிரி முழுமையான சிறு வேடிக்கை அலகுக்குச் சினிமாக்காரர்கள் வைத்த பெயர் ‘கேக்’. (பிறந்தநாளுக்கு வெட்டுவது வேறு.) அதன் இயக்கம் எளிமையானது. ஒரு சைகை ஒருவருக்காகக் கிளம்புகிறது, போய்ச் சேர வேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்துக்கும் போய்ச் சேருகிறது, ஒவ்வொரு முறையும் இன்னும் பெரிய மனிதர் ஒருவரைப் பிடித்துக்கொள்கிறது. அறையில் மிக உயர்ந்த பதவியில் இருப்பவரைத் தொட்டதும் மேலே போக இடமில்லை, அங்கே முடிகிறது. யாரும் விழவில்லை, அடிபடவில்லை, எதையும் முகத்தில் வீசவில்லை.

பிரெஞ்சு மௌன நகைச்சுவையின் தனி ருசி இதில்தான் என்பது என் கட்சி. கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயம் அங்கே பெரிதில்லை. நாலு பேர் முன்னால் மானம் போய்விடுமோ என்ற பயம்தான் பெரிது. இதற்கு வழி போட்டவர் மாக்ஸ் லிண்டர். 1905 முதல் பாத்தே நிறுவனத்துக்குக் குறும்படங்களில் நடித்தவர். பளபளக்கும் உயரத் தொப்பி, கைத்தடி, மடிப்புக் கலையாத கோட்டு என்று கனவான் தோற்றம். அந்தத் தோற்றத்தைக் காப்பாற்ற அவர் படும் பாடுதான் நகைச்சுவை. சாப்ளின் ஒரு புகைப்படத்தில் லிண்டரைத் தன் ஆசான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

சுருக்கமாக இதுவரை: இந்தப் படத்தில் வசனத்தின் இடத்தைப் பொருள்களும் சைகைகளும் பிடித்துக்கொள்கின்றன. சிரிப்பு விழுவதிலிருந்து வரவில்லை, மரியாதையைக் காப்பாற்றும் அவஸ்தையிலிருந்து வருகிறது.

படம் பழசாகத் தெரிவது ஏன்

முதன்முதலாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கேமரா பெரும்பாலும் நகராமல் நேர் எதிரே நிற்கிறது. ஆட்கள் மேடையில் நிற்பதுபோல் வரிசையாக நிற்கிறார்கள். உடைகள் விறைப்பு, சைகைகள் கொஞ்சம் கூடுதல். ‘பாவம், அந்தக் காலத்தில் அவ்வளவுதான் தெரியும்’ என்று தோன்றும்.

அந்தக் காலத்தில் எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரு சாட்சி. அதே 1927இல் அதே பிரான்சில் ஆபெல் கான்ஸின் ‘நெப்போலியன்’ வெளிவந்தது. குதிரையின் மேல் கேமராவைக் கட்டினார்கள், ஊஞ்சலாட விட்டார்கள், சில காட்சிகளை மூன்று திரைகளில் ஒரே சமயத்தில் காட்டினார்கள். கிளேரும் சளைத்தவர் இல்லை. 1924இல் அவர் எடுத்த ‘ஆந்த்ராக்த்’ என்ற குறும்படத்தில் ஒட்டகம் இழுக்கும் பிண ஊர்வலம் தறிகெட்டு ஓடும், கேமராவும் கூடவே தலைகீழாகப் பாயும்.

ஆகவே ‘தொப்பி’யின் அந்த அசையாத கேமரா இயலாமையால் வந்ததில்லை. 1851இல் நடக்கும் நாடகக் கதையை கிளேர் 1895க்கு மாற்றினார். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு முதன்முதலில் படம் காட்டிய ஆண்டு அது. சினிமா பிறந்த வருஷத்தில் நடக்கும் கதையைச் சினிமா பிறந்த வருஷத்துப் பாணியில் எடுத்துக் கேலி செய்தார். லசார் மீர்சன் போட்ட அரங்குகளில் நிறைந்து வழியும் மேஜைவிரிப்பும் திரைச்சீலையும் கண்ணாடிக்கூண்டுப் பொம்மைகளும் அந்த நையாண்டியின் பகுதிதான். 1928இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே அது தாத்தா பாட்டி காலம். நாம் இன்று ‘பழசு’ என்று சிரிப்பதை அவர்கள் அன்றே ‘பழசு’ என்று சிரித்தார்கள், அந்தச் சிரிப்பும் கிளேர் கணக்குப் போட்டு வைத்ததுதான்.

இன்னொரு இடம். தொப்பியைத் தேடி ஃபதினார் ஒரு வீட்டுக்குப் போகிறான். வீட்டுக்காரர் வெந்நீரில் காலை ஊறவைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் தன் சோகக் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறான். உடனே திரையில் அந்தக் கதை ஒரு மட்டமான மேடை நாடகமாக விரிகிறது, எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மிகையாக நடிக்கிறார்கள். சொல்பவனுக்குத் தெரியாதது, கேட்பவருக்கு மெல்ல விளங்குகிறது: கதையில் வரும் பெண் அவருடைய மனைவி. மிகை நடிப்பு எது, சாதா நடிப்பு எது என்று கிளேருக்குத் தெளிவாகத் தெரியும் என்பதற்கு இந்தக் காட்சி போதும்.

அப்படியானால் அந்த வேகம்?

கிளேர் வேண்டுமென்றே வைத்த பழமை ஒன்று. நடுவில் வந்தவர்கள் சேர்த்துவிட்ட பழமை இன்னொன்று. விறுவிறு நடை இரண்டாவது வகை.

படச்சுருளில் அடுத்தடுத்து இருக்கும் தனித்தனிப் புகைப்படம் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். மௌனப்பட காலத்தில் ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று கண்டிப்பான சட்டம் இல்லை. கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஆரம்ப வருஷங்களில் நொடிக்கு 16 பக்கம், 1920களின் கடைசியில் 20ஐத் தாண்டியும் போனது. பேசும்படம் வந்ததும் நிலைமை மாறியது. ஒலியும் அதே சுருளில் பதிவானதால் வேகம் கூடினாலோ குறைந்தாலோ குரல் கோணலாகும். அதனால் நொடிக்கு 24 என்று நிலைப்படுத்தினார்கள்.

இப்போது 16 வேகத்தில் எடுத்த பழைய சுருளை 24 வேக இயந்திரத்தில் மாட்டினால் என்ன ஆகும்? பத்து நொடியில் அறையைக் கடக்கும் மனிதர் 160 ஃபிரேம்களில் பதிவாகியிருப்பார். அந்த 160 ஃபிரேம்களை 24 வேக இயந்திரம் ஏழு நொடிக்குள் விழுங்கிவிடும். மனிதர் சாவி கொடுத்த பொம்மையாகிவிடுவார். பிற்காலத்தில் தொலைக்காட்சிக்கும் தொகுப்புகளுக்கும் இப்படி அவசரத்தில் ஓட்டியதைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து, மௌனப்படம் என்றாலே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டோம். அன்றைய கேமராக்காரர்கள் வேடிக்கைக்காகச் சில காட்சிகளை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்ததும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் படம் முழுக்க அப்படி ஓடினால் சந்தேகப்படுங்கள்.

இதே காரணத்தால்தான் ஒரே மௌனப்படத்துக்கு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு நிமிடக் கணக்கு இருக்கும். 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 52.5 ஃபிரேம். 2000 மீட்டர் படத்தை 24 வேகத்தில் ஓட்டினால் 73 நிமிடம், 18 வேகத்தில் ஓட்டினால் 97 நிமிடம். ஒரு அங்குலம்கூட வெட்டாமலே 24 நிமிட வித்தியாசம்! விவரம் தெரிந்தவர்கள் மௌனப்படத்தின் நீளத்தை நிமிடத்தில் கேட்க மாட்டார்கள், மீட்டரில் கேட்பார்கள்.

சுருக்கமாக: நிலையான கேமராவும் விறைப்பான அரங்கும் இந்தப் படத்தில் இயக்குநரின் கேலி. பொம்மை நடை, தப்பான வேகத்தில் ஓட்டியதன் விளைவு.

அபூர்வம் என்றால் எந்த அபூர்வம்

முன்பெல்லாம் கல்யாண போட்டோ எடுத்தால் ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை வைத்துக்கொள்வார், சொந்தக்காரர்களுக்கு அச்சுப்போட்ட படம் போகும். நெகட்டிவ் பத்திரமாக இருக்கும்வரை எத்தனை படம் தொலைந்தாலும் கவலையில்லை, புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஸ்டூடியோ எரிந்துவிட்டால் கதை வேறு. யார் வீட்டிலாவது சுவரில் மாட்டியிருக்கும் மங்கிய படத்தைத் தேடிப் போய், அதையே மறுபடி படம் எடுக்க வேண்டும். அப்படி எடுத்ததில் கோடும் கறையும் சேர்ந்தே வரும், முகம் இன்னும் மங்கும்.

சினிமாவிலும் அச்சாக இதுதான். கேமராவுக்குள் ஓடியது மூல நெகட்டிவ். அதிலிருந்து கொட்டகைகளுக்குப் போட்டு அனுப்புவது பிரிண்ட். மூலம் போய், தேய்ந்த பிரிண்டிலிருந்து பிரிண்ட், அதிலிருந்து இன்னொன்று என்று போட்டுக்கொண்டே வந்ததுதான் நாம் பார்க்கும் மழைக்கோட்டுப் படம். வெளிநாட்டுக்குப் போன பிரிண்டுகளில் டைட்டில் கார்டுகளை அந்தந்த மொழியில் மாற்றினார்கள். சில சமயம் பெயரே மாறும். ‘தொப்பி’ அமெரிக்காவில் ‘குதிரை தொப்பியைத் தின்றது’ என்ற பெயரிலும் ஓடியது.

நெகட்டிவ் ஏன் போனது? முதல் குற்றவாளி நைட்ரேட். 1950களின் தொடக்கம்வரை படச்சுருளின் அடித்தளம் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பொருள், துப்பாக்கிப் பஞ்சுக்கு நெருங்கிய சொந்தம். எரிய ஆரம்பித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தயாரித்துக்கொள்ளும், தண்ணீரில் முக்கினாலும் அணையாது. எரியாவிட்டாலும் சும்மா இருக்காது. டப்பாவுக்குள்ளேயே மெல்ல அமில ஆவியை விட்டு, அந்த ஆவியாலேயே தானும் கெடும். முதலில் உருவம் மங்கும், அப்புறம் சுருள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டும், குமிழி கிளம்பும், கடைசியில் டப்பாவைத் திறந்தால் பழுப்புத் தூள். குளிரிலும் வறட்சியிலும் வைத்தால் இது தாமதப்படும், அவ்வளவுதான். 1980 ஆகஸ்டில் பிரெஞ்சு சினிமாதெக்கின் கிடங்கு ஒன்று தீப்பற்றியபோது ஏராளமான நைட்ரேட் சுருள்கள் போயின. படங்களைக் காப்பாற்றவென்றே 1936இல் தொடங்கிய நிறுவனத்துக்கு அந்தக் கதி.

இரண்டாவது குற்றவாளி மனிதர்கள், என்னைக் கேட்டால் இவர்கள்தான் முதல். பேசும்படம் வந்ததும் மௌனப்படத்துக்குச் சந்தை விலை பூஜ்யம். கிடங்கு வாடகையோ மாதாமாதம். சுருளில் இருக்கும் வெள்ளியைப் பிரித்து விற்றால் காசு. அதற்கும் முன்பே, முதல் உலகப் போர்க் காலத்தில், ஆரம்பகால பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியேயின் படச்சுருள்கள் பலவும் உருகி பூட்ஸ் குதிகாலாகப் போயின. மீதியிருந்த நெகட்டிவ்களை அவரே 1923இல் மனம் வெறுத்து எரித்தார். ஏறக்குறைய 500 படம் எடுத்தவருக்கு இன்று மிஞ்சியவை 200 சொச்சம். அதுவும் உலகெங்கும் சிதறிக் கிடந்த பிரிண்டுகளின் புண்ணியத்தில்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டின் முழுநீள மௌனப்படங்களில் வெளியான அதே வடிவில் முழுமையாக இருப்பவை 14 சதவீதம் என்றது. நம் பக்கம் இன்னும் மோசம். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம், ஒரு பிரிண்டுகூட மிஞ்சவில்லை.

‘தொப்பி’க்கு அதிர்ஷ்டம் இருந்தது. அதைத் தயாரித்த ஆல்பட்ரோஸ், புரட்சிக்குப் பின் ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள் பாரிஸ் அருகே மோந்த்ரேயில் நடத்திய நிறுவனம். அதன் தலைவர் அலெக்ஸாந்தர் கமென்கா பழைய சுருள்களைக் காசாக்கிவிடாமல் வைத்திருந்தார், பிற்பாடு அவை சினிமாதெக்கிடம் போய்ச் சேர்ந்தன. லிண்டருக்கு வேறு விதமான அதிர்ஷ்டம். அவர் 1925இல் இறந்தபோது மகள் மோட் கைக்குழந்தை. வளர்ந்த பிறகு அந்தப் பெண் அப்பாவின் படங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார். சேர்த்ததைக் கொண்டு 1963இல் ஒரு தொகுப்புப் படம், 1983இல் ஒரு ஆவணப்படம் என்று வெளியிட்டார். அப்பாவை நினைவில் வைத்திருக்கவே முடியாத வயதில் இழந்தவர் அவரைத் திரையில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

இருந்தும் கிடைக்காதது

சரி, படம் பிழைத்துவிட்டது. அப்படியும் ஏன் சுலபமாகக் கண்ணில் படுவதில்லை? முதலில் சொன்ன மூன்றில் இரண்டாவது வகை அபூர்வம் இது. காப்பகத்தில் நல்ல பிரதி இருந்தாலும் அதைக் காட்ட, பிரதி போட, டிவிடி மாதிரி வட்டில் வெளியிட உரிமை வேண்டும். ஐரோப்பாவில் படைப்பாளி இறந்து 70 ஆண்டு வரை காப்புரிமை நிற்கும். கிளேர் இறந்தது 1981இல். ஆக, அங்கே 2051 முடியும்வரை உரிமைக்காரர்களைக் கேட்காமல் காட்ட முடியாது. அமெரிக்காவில் அந்தக் கால வெளியீடுகளுக்குக் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. அதனால்தான் யாரோ எங்கிருந்தோ ஏற்றிய மங்கல் பிரதிகள் இணையத்தில் திரிகின்றன, நல்ல பிரதி ஒழுங்கான வெளியீட்டில் மட்டும் இருக்கிறது.

மங்கல் பிரதியைப் பார்ப்பது பாவம் இல்லை. ஆனால் அதை வைத்துப் படத்துக்கு மார்க் போடாதீர்கள். டை காட்சியில் பின்வரிசைக்காரர்களின் கை கழுத்துக்குப் போவது தெரியாவிட்டால் அந்த வேடிக்கையில் பாதி போச்சு. பார்க்கும் முன் மூன்று விஷயம் கவனித்தால் போதும். ஆட்கள் இயல்பாக நடக்கிறார்களா? காட்சியின் ஓரங்கள், தலையும் காலும், வெட்டுப்படாமல் இருக்கின்றனவா? இசை படத்தைப் பார்த்து வாசித்ததா, கையில் கிடைத்த ஏதோ ஒரு பியானோவா?

இசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மௌனப்படம் பெரும்பாலும் மௌனமாக ஓடியதில்லை. சின்னக் கொட்டகையில் ஒரு பியானோ, பெரிய அரங்கில் முழு இசைக்குழு. பிரதி நன்றாக இருந்து இசை மட்டும் பொருந்தாவிட்டால் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. இந்தப் படத்துக்கு ஜாக் இபேர் இசையமைத்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் இசை எழுதியது 1929இல் அதே நாடகத்தின் மேடை ஏற்றத்துக்கு. அதிலிருந்து அவர் தொகுத்த ‘திவர்திஸ்மான்’ இன்று தனியாகக் கச்சேரிகளில் வாசிக்கப்படுகிறது. கல்யாண ஊர்வல இசையைக் கிண்டலடிக்கும் பகுதிகூட அதில் உண்டு.

நேரில் பார்க்க வாய்ப்பு உள்ளவர்களுக்கு: இத்தாலியில் போர்தெனோனே ஊரில் மௌனப்படங்களுக்கென்றே 1982இல் தொடங்கிய விழா நடக்கிறது, பாரிஸில் பாத்தே அறக்கட்டளை 2014 முதல் நேரடிப் பியானோவோடு மௌனப்படம் காட்டுகிறது. மற்றவர்களுக்கு வட்டு இருக்கிறது, ஆல்பட்ரோஸ் படங்கள் சில நல்ல பிரதியில் வந்திருக்கின்றன.

அப்புறம், தொப்பி கடைசியில் கிடைத்ததா? நாடகம் வந்து 170 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் ரகசியத்தை உடைக்கலாம். காது கேளாத சித்தப்பா கொண்டுவந்த கல்யாணப் பரிசுப் பெட்டிக்குள் அது காலையிலிருந்தே இருந்தது.